கூட்டல் சரியாத்தான் இருக்குது

சென்ற ஆடியில் ஒரு நாள் காலை, நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பனியன் கம்பெனியின் முதலாளி மகன் தொலைபேசியில் அழைத்தார். ஆடி முடிந்ததும் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். ஆபீஸ் அறைக்கு மேலே இருக்கும் பரணில் "உங்க கம்ப்யூட்டர்" கிடக்கிறது, பழைய இரும்புக்காரர் திங்கட்கிழமை வருகிறார், வேண்டுமானால் அதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அது ஒருநாளும் என் கம்ப்யூட்டராக இருந்ததில்லை. அவருடைய அப்பா கடன் வாங்கி வாங்கியது. அதன் முன்னால் நான் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இருந்தாலும் "உங்க" என்று அவர் சொன்னது உள்ளூர இனித்ததை மறைப்பதற்கில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில், அவிநாசியில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் என் வயதுக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டோம். எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஏ.சி. அறைக்குள் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். பேச்சு எப்படியோ பழைய மெஷின்களின் பக்கம் திரும்பியது. "அந்தக் காலத்து மெஷின் மாதிரி இனி வருமாங்க? ஒரு தடவ வாங்கி வெச்சா பத்து வருஷத்துக்கு அசையாது" என்றார் ஒருவர். அனைவரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் தலையாட்டல் உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அது சுத்தப் பொய். அந்த மெஷின்கள் கெட்டுக்கொண்டேதான் இருந்தன. கெட்டதைச் சரிசெய்வதுதான் எங்களுக்கு வேலையே. அப்படியிருக்க, இத்தனை ஆண்டுகள் கழித்து அதன்மேல் எனக்கு ஏன் இந்த ஏக்கம் என்ற கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பஞ்சும் கரண்ட்டும்

நான் சேர்ந்தது 1990-இல். திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டமாக ஆனது 2009-இல்தான். ராஜீவ் காந்தி அரசு 1984 நவம்பரில் கணினிக் கொள்கையை அறிவித்த பிறகு, பெரிய மில்களும் வங்கிகளும் மட்டுமே வைத்திருந்த பொருள் மெல்ல மெல்ல எங்களைப் போன்ற இடங்களுக்கும் வரத் தொடங்கியிருந்தது. எங்களுடையது, ஐ.பி.எம். 1983-இல் கொண்டுவந்த எக்ஸ்.டி. மாடலைப் பார்த்துச் செய்த பிரதிகளில் ஒன்று. 8088 சிப், 640 கே.பி. நினைவகம், 20 எம்.பி. ஹார்ட் டிஸ்க், 360 கே.பி. கொள்ளும் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிக்கு ஒரு டிரைவ், பச்சை எழுத்துகள் ஒளிரும் ஒரு மானிட்டர். இன்று செல்போனில் எடுக்கும் ஐந்தாறு படங்களுக்கே போதாத அந்த 20 எம்.பி.க்குள் ஒரு கம்பெனியின் மூன்று வருடத்துச் சம்பளம் முழுவதும் அடங்கியிருந்தது.

நூல் குடோனின் ஒரு மூலையைப் பிளைவுட்டால் தடுத்து, ஜன்னல் ஏ.சி. ஒன்றைப் பொருத்தி அதற்கு அறை செய்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். முதலாளி, பையர், ஆடிட்டர் யாராயிருந்தாலும் அதே விதி. ஆயுத பூஜைக்கு மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஆனால் பஞ்சுக்குச் செருப்பு விதி தெரியாது. கட்டிங் மேசையிலிருந்தும் ஓவர்லாக் மெஷின்களிலிருந்தும் கிளம்பிய தூசி, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே புகுந்து, கேபினட்டின் விசிறியில் படிந்து, பதினைந்து நாளில் கம்பளித் துண்டு போலத் திரண்டுவிடும். ஸ்க்ரூவைக் கழற்றி, பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, மறுபடியும் மூட வேண்டும். ஃப்ளாப்பி டிரைவின் ஹெட்டில் ஒரு இழை ஒட்டிக்கொண்டால் போதும், "அபார்ட், ரீட்ரை, ஃபெயில்" என்று திரையில் வந்து நிற்கும். ரீட்ரை என்பதற்கான எழுத்தை நான் எத்தனை ஆயிரம் முறை அழுத்தியிருப்பேனோ தெரியாது. முருகா என்று சொல்லிக்கொண்டே அழுத்துவேன். சில சமயம் பலித்திருக்கிறது.

கரண்ட் கதை தனி. ஸ்டெபிலைசர் ஒருபக்கம் டக் டக் என்று மாறிக்கொண்டே இருக்கும். மெஷினை அணைப்பதற்கு முன் 'பார்க்' என்று ஒரு கட்டளை கொடுத்தால், ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் பாதுகாப்பான ஓரத்துக்கு ஒதுங்கி நிற்கும். அது ஒதுங்கும்போது 'கிர்ர்ரக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நான் விளக்கை அணைப்பேன். முன்னறிவிப்பில்லாமல் கரண்ட் போய்விட்டால் அந்தச் சத்தம் வராது, எனக்கும் அன்றிரவு தூக்கம் வராது. இதைத்தான் கல்யாண மண்டபத்தில் "அசையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமைக் கணக்கு

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் வாரச் சம்பள நாள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரை வாங்கியதே அந்த ஒரு நாளுக்காகத்தான். டெய்லர், அவருக்குத் துணி மடித்துக்கொடுக்கும் கைமடி, செக்கிங், அயர்ன் என்று இருநூற்றுச் சொச்சம் பேர். பாதிப் பேருக்கு ஷிஃப்ட் கணக்கு, மீதிப் பேருக்குப் பீஸ் ரேட். அதுவரை இந்தக் கணக்கை ஒரு பெரியவர்தான் பார்த்துவந்தார். காங்கேயத்துப் பக்கம். கணக்குப் பிள்ளை என்று அவரை எல்லோரும் குறிப்பிடுவார்கள், நேரில் அய்யா. வியாழக்கிழமை இரவு சிட்டையைத் திறந்து உட்கார்ந்தால், உதவிக்கு ஒரு பையனை வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலைக்குள் பேரேட்டில் முழுச் சம்பளத்தையும் ஏற்றிவிடுவார். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருக்கும்.

நான் பி.காம். முடித்து, கோவையில் ஆறு மாதக் கோர்ஸ் படித்துவிட்டு வந்தவன். விவரங்களைச் சேமித்துத் தேடித் தரும் டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற மென்பொருளில் சம்பள புரோகிராமை நானே எழுதினேன். அதில் எனக்குப் பெருமை தந்தது நோட்டுப் பட்டியல். ஒவ்வொருவர் சம்பளத்துக்கும் நூறு எத்தனை, ஐம்பது எத்தனை, இருபது எத்தனை என்று பிரித்து, வங்கியில் எந்த நோட்டு எத்தனை கேட்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் அச்சாகிவிடும். 347 ரூபாய் என்றால் மூன்று நூறு, இரண்டு இருபது, ஒரு ஐந்து, ஒரு இரண்டு. மொத்தம் ஏழே நோட்டு. இதற்கு மேல் குறைக்க முடியாது. பெரியவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நூறு ரூவாயாக் குடுத்தா சந்தைக்குப் போயி எங்க கண்ணு மாத்துவாங்கொ? மளிகைக் கடைக்காரன் பாக்கிக்குன்னு முழுசா எடுத்துக்குவான்" என்றார். அவர் கவர் போடும் முறை வேறு: இரண்டு நூறு, ஒரு ஐம்பது, ஒன்பது பத்து, அப்புறம் அந்த ஐந்தும் இரண்டும். கவரைப் பிரித்தவர், மளிகைக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு என்று அங்கேயே நின்று பங்கு பிரித்துக்கொள்ள அது வசதி. புரோகிராமில் இரண்டு வரிகளை மாற்றிக் கடைசி நூறை உடைத்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் மாற்றினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைந்த நோட்டு என்பது அழகான விடை, அதை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று மாதம் இரண்டு கணக்கும் ஒன்றாக நடக்க வேண்டும், கம்ப்யூட்டரும் போடட்டும், பேரேடும் போடட்டும் என்பது முதலாளியின் ஏற்பாடு. பேரலல் ரன் என்று கோர்ஸில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று மாதம் முடிந்தது. ஒரு பைசா வித்தியாசமில்லை. 1991-இல், ரூபாயின் மதிப்பைக் குறைத்த ஜூலை கழிந்து ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்த சமயம் அது. பேரேட்டை நிறுத்திவிடலாம் என்று முடிவாகி, பேரேடு இல்லாமல் சம்பளம் போட்ட முதல் சனிக்கிழமை வந்தது.

பதினாலு பேர்

அந்த வாரம் திங்கட்கிழமை பதினான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். திண்டுக்கல் பக்கமிருந்து வந்த கைமடிப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். வழக்கமாகப் புது ஆட்களை என் மெனு வழியாகத்தான் சேர்ப்பேன். அன்று ஷிப்மென்ட் அவசரத்தில் பேக்கிங் லிஸ்ட்டும் என் தலையில் விழுந்திருந்ததால், நேரடியாக, டிபேஸ் கட்டளைக்குக் காத்து நிற்கும் புள்ளிக்குப் பக்கத்தில் 'யூஸ்', 'அப்பெண்ட்' என்று அடித்துப் பெயர்களை ஏற்றிவிட்டேன். ஆட்களைத் தேடி எடுக்க உதவும் அட்டவணையான இண்டெக்ஸைத் திறக்கவில்லை. விவரம் தெரிந்தவர்களுக்கு இங்கேயே விளங்கியிருக்கும். பெயர்கள் கோப்பில் இருக்கின்றன, இண்டெக்ஸில் இல்லை. புரோகிராமோ இண்டெக்ஸ் வழியாகத்தான் ஆட்களைத் தேடுகிறது. தேடிக் கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்குப் போ என்று எழுதியிருந்தவன் நான். கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை திரையில் சொல்லச் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மெஷின் எந்தத் தகராறும் செய்யாமல், முக்கால் மணி நேரம் ஓடி, பதினான்கு பேரையும் தாண்டிச் சென்று, அழகான ஒரு பட்டியலை அச்சடித்துத் தந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பெரியவர், பழக்க தோஷத்தில் பட்டியலை வாங்கிப் பார்த்தார். தொகையைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி வரிசை எண்ணைப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து பென்சில் முனையால் வரிகளைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"கூட்டல் சரியாத்தான் இருக்குது கண்ணு. ஆளுகதான் கொறையறாங்கொ."

"இருக்காதுங்க அய்யா. மெஷின் தப்பாப் போடாதுங்க."

"போன வாரம் எரநூத்திப் பன்னண்டு. திங்கக்கெழமை பதினாலு பேரு வந்தாங்கொ. இந்த வாரமும் எரநூத்திப் பன்னண்டுன்னா, பதினாலு பேரு நின்னுருக்கோணுமல்லோ? யாரு நின்னா?"

யாரும் வேலையை விட்டு நிற்கவில்லை. இண்டெக்ஸை நீக்கிவிட்டு 'லிஸ்ட்' கொடுத்தேன். பச்சை எழுத்துகள் உருண்டு ஓடி, கடைசியில் அந்தப் பதினான்கு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. திரையில் அவற்றைப் பார்த்த கணத்தில் எனக்கு ஏ.சி. அறைக்குள் வியர்த்ததை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை ஈரமாகிறது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய தாள் ஒன்றை எடுத்து, ஷிஃப்ட் நோட்டைப் பக்கத்தில் வைத்து, பதினான்கு பேரின் கணக்கையும் கையாலேயே போட்டார். மெஷினை ஓடவிட்டால் இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சனிக்கிழமை வங்கி அரை நாள்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குச் செக் எழுதி வாங்கிக்கொண்டு, தன்னுடைய டி.வி.எஸ். 50-இல் அவரே கிளம்பிப் போனார். சாயங்காலம் கவர் கொடுக்கும்போது அந்தப் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஊர் விட்டு ஊர் வந்து வாங்கும் முதல் வாரச் சம்பளம். காலையில் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

முதலாளி கத்தவில்லை. "இன்னும் ஆறு மாசத்துக்கு ரெண்டும் நடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆறு மாதத்து வெள்ளிக்கிழமை இரவுகள்தான், பழைய கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு நினைவுக்கு வருகின்றன என்பதை மிகத் தாமதமாக, பரணில் ஏறி நின்றபோதுதான், புரிந்துகொண்டேன். பிரிண்டர் 'ஸ்ஸ்ரக், ஸ்ஸ்ரக்' என்று ஓட்டை விளிம்புத் தாளைக் கக்கிக்கொண்டிருக்கும். நான் வாசிப்பேன், எதிரே உட்கார்ந்து அவர் பேரேட்டில் டிக் அடிப்பார். தாளில் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கும். தமிழில் அச்சடிக்க எங்களிடம் வழியில்லை. கம்பெனியில் ஏழு பழனிசாமிகள் இருந்தார்கள். நான் டோக்கன் எண்ணைச் சொல்லுவேன். அவர் எண்ணைக் காதில் வாங்காமல், "சேவூர்ப் பழனிசாமியா, பெருமாநல்லூரானா?" என்று கேட்பார். "இவன் வெசாழக்கெழமை தங்கச்சி சீருக்குப் போயிட்டான், அஞ்சர ஷிஃப்ட் எப்படி வரும்?" என்று நிறுத்துவார். திரும்பப் பார்த்தால் சூப்பர்வைசர் நோட்டில் ஒரு கோடு கூடுதலாக இருக்கும். கம்ப்யூட்டர் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை. அவர் ஒருவரைத் தவிர அதைக் கண்டுபிடிக்க வேறு வழியும் இல்லை. அப்போது அந்த இரவுகளை நான் தண்டனையாகத்தான் கழித்தேன். ஒரு கிழவருக்கு முன்னால் என் புரோகிராமை வாரா வாரம் நிரூபிக்க வேண்டியிருப்பது எவ்வளவு அவமானம்!

இதில் ஒரு விந்தை உண்டு. பிறகு 386 என்ற வேகமான கம்ப்யூட்டர் வந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வேறொன்று. அவையெல்லாம் ஒழுங்காக ஓடின. அவற்றில் ஒன்றின் கீபோர்டு எப்படி இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. ஒரு மெஷினையும் அதன் எண்களையும் நம்ப ஆரம்பித்த நாளிலிருந்து நான் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன் போலும். நம்பாமல் இருந்த வரைக்கும்தான் அதன் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்தில் தலையாட்டியவர்களிடம் இதைச் சொல்லியிருக்கலாம், சாம்பார் வந்துவிட்டது.

ஏக்கப்படுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு பேரேடு நிரந்தரமாக மூடப்பட்டது. உதவிக்கு இருந்த பையனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பெரியவர் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தார். "தம்பி வந்த பொறவு மூணு ஆளு வேல மிச்சம்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லி எனக்குச் சம்பளம் உயர்த்திக் கொடுத்தார். அந்த மூன்று ஆட்களில் ஒருவர் நான்கடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றி அன்று நான் யோசித்ததாக நினைவில்லை. 1994-இல் பொங்கல் கழிந்து அவர் வரவில்லை. சண்டையெல்லாம் இல்லை, கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி நின்றுகொண்டார். போகும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அச்சடித்து முடிந்த பழைய தாள்கள் ஒரு பக்கம் வெள்ளையாக வீணாய்ப் போகிறதே, பேரப்பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பழக ஒரு கட்டுத் தர முடியுமா என்றார். பனியன் வேஸ்ட்டைக் கயிறாக முறுக்கிக் கட்டி, டி.வி.எஸ். 50-இன் பின்னால் வைத்து அனுப்பினேன்.

பரணில்

கேபினட் பழுப்பேறிக் கிடந்தது. மானிட்டரின் மேல்விளிம்பில், ஏதோ ஒரு ஆயுத பூஜையின் குங்குமக் கறை இன்னும் இருந்தது. கீபோர்டைத் தூக்கிப் பார்த்தேன், செங்கல் கனம் கனத்தது. நான்கைந்து கீகளைத் தட்டினேன். அதே அழுத்தம், அதே சத்தம். எடுத்துப் போகும் எண்ணத்தோடு சாக்குப்பை கொண்டுவந்திருந்தேன். ஆனால் கேபினட்டின் பின்புறம் விசிறியில் பஞ்சு அடைத்திருப்பதைப் பார்த்ததும், அதைச் சுத்தம் செய்ய வேண்டுமே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய எரிச்சல் அப்படியே. இரும்புக்காரரே எடுத்துக்கொள்ளட்டும் என்று கீழே குரல் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பின்னால், பனியன் துணியால் கட்டிய தாள் கட்டு ஒன்று இருந்தது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர்கள் கேட்டால் காட்டுவதற்கென்று எடுத்து வைத்தவை. ஓரங்களை எலி தின்றிருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிரித்தேன். முதல் வாரங்களின் தாள்களில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிவப்பு டிக். ஒரு வரி விடாமல், ஒரே சாய்வில், ஒரே நீளத்தில். புரட்டப் புரட்ட, வரிக்கு வரி இருந்த டிக், பக்கத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. பிறகு கடைசிப் பக்கத்தின் மொத்தத் தொகைக்கு மட்டும் ஒன்று. பிறகு அதுவும் இல்லாமல், மூலையில் சுருக்கக் கையெழுத்து. அதன் பின் வந்த தாள்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன.

நடுவில் ஒரு தாள் மட்டும் கட்டோடு ஒட்டாமல் நழுவிக் கீழே விழுந்தது. மசியில் எழுதிய பதினான்கு பெயர்கள், தமிழில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஊர்ப் பெயர். பிறகு ஷிஃப்ட், கூலி, சம்பளம். அடியில் கோடு கிழித்துக் கூட்டல் போட்டிருந்தார். அந்தத் தொகைக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'ஆள் 14' என்று எழுதி, அதற்கு ஒரு சிவப்பு டிக்கும் அடித்திருந்தார்.